தலை முதல் வால் வரை ஒரே மரம்... 'நெக்-த்ரூ' கிட்டாரில் அப்படி என்ன இருக்கு? கஸ்டம் ஆர்டருக்கு எந்த மரம் கேட்கணும்? முழு விளக்கம்

கடையில் தொங்கும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பிப் பார்த்தால், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு உலோகத் தகடும் நான்கு ஸ்குரூவும் இருக்கும். அதே கடையில் விலை கூடுதலான சில கிட்டார்களில் தகடும் இருக்காது, ஸ்குரூவும் இருக்காது. கழுத்து எங்கே முடியுது, உடம்பு எங்கே ஆரம்பிக்குது என்றே கண்டுபிடிக்க முடியாது. தலையில் இருந்து வால் வரைக்கும் ஒரே மரம் நேராக ஓடும்.

இதற்குப் பெயர்தான் 'நெக்-த்ரூ'. கையால் செய்து தரும் கஸ்டம் கிட்டாருக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் பலர் முதலில் கேட்பதும் இதைத்தான். "ஒரு நோட்டு அடிச்சா ரொம்ப நேரம் நிக்கும்", "சவுண்டு கெட்டியா வரும்" என்று சொல்லித்தான் இது விற்கப்படுகிறது. அது எந்த அளவுக்கு உண்மை? கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கழுத்தை மாட்டுவதில் மூன்று வழி

முதல் வழி, போல்ட்-ஆன். கழுத்தைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் செய்து, கடைசியில் ஸ்குரூ போட்டு இறுக்கிவிடுவது. 1950-களின் தொடக்கத்தில் லியோ ஃபெண்டர் டெலிகாஸ்டரை இப்படித்தான் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளினார். கழுத்து கெட்டுப்போனால் நான்கு ஸ்குரூவைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம். சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது மாதிரி.

இரண்டாவது, செட்-நெக். உடம்பில் பள்ளம் எடுத்து, கழுத்தின் அடியை அதற்குள் பொருத்தி, பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். 1952-ல் வந்த கிப்சன் லெஸ் பால் இந்த வகை.

மூன்றாவதுதான் நெக்-த்ரூ. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டைதான் இங்கே அடிப்படை. அதன் ஒரு முனை, கம்பிகளை முறுக்கும் ஹெட்ஸ்டாக். மறுமுனை, பெல்ட் மாட்டும் இடம். இந்த நடுக்கட்டைக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டுகளை ஒட்டி உடம்பு வடிவத்துக்கு வெட்டி எடுப்பார்கள். இந்தப் பக்கத் துண்டுகளை 'விங்ஸ்' என்பார்கள், அதாவது இறக்கைகள்.

இங்கே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. கம்பியின் இரண்டு முனைகளும் அந்த நடுக்கட்டையிலேயே இருக்கின்றன. கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும் நடுக்கட்டையின் மேல்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பும் பெரும்பாலும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். மரத்தைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

யார் ஆரம்பித்தது?

'நடுவில் கட்டை, பக்கத்தில் இறக்கை' என்ற யோசனைக்குப் பிரபலமான முன்னோடி லெஸ் பால். 1940-ஐ ஒட்டி நியூயார்க்கில் இருந்த எபிஃபோன் தொழிற்சாலையில், நாலுக்கு நாலு அங்குல பைன் மரக்கட்டை ஒன்றில் கம்பி, பிக்அப் எல்லாம் மாட்டினார். அதற்கு 'தி லாக்', அதாவது 'மரக்கட்டை' என்றே பெயர். பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி தெரியணுமே என்று, ஒரு எபிஃபோன் கிட்டாரை இரண்டாக அறுத்து அந்தப் பாதிகளை இரண்டு பக்கமும் ஒட்ட வைத்தார். ஆனால் அதில் கழுத்து தனி. முழுமையான நெக்-த்ரூ என்று அதைச் சொல்ல முடியாது.

1948-ல் மெர்ல் டிராவிஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞருக்காக பால் பிக்ஸ்பி ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்து கொடுத்தார். மேப்பிள் மரக் கழுத்து உடம்பு வழியாகவே ஓடியது. அந்தக் கிட்டார் இன்று நாஷ்வில் நகரில் உள்ள கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவனிச்சீங்களா, இந்த நெக்-த்ரூ கிட்டார் பிறந்ததே ஒருவர் கேட்டு இன்னொருவர் செய்து கொடுத்த கஸ்டம் ஆர்டரில்தான்.

பிறகு கம்பெனிகள் வந்தன. ரிக்கன்பேக்கர் 1957-ல் கொண்டுவந்த 4000 என்ற பேஸ் கிட்டார் நெக்-த்ரூ. அதன் அடுத்த வடிவமான 4001 வகையைத்தான் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பின்னாளில் வாசித்தார். 1963-ல் கிப்சன், கார் வடிவமைப்பாளரான ரே டீட்ரிக்கை அழைத்து ஃபயர்பேர்டு கிட்டாரை வடிவமைக்கச் சொன்னது. மகோகனியும் வால்நட்டும் மாறி மாறி ஒட்டிய ஒன்பது அடுக்கு நடுக்கட்டை அதில். இரண்டே வருஷத்தில், 1965-ல், அதே ஃபயர்பேர்டை செட்-நெக்காக மாற்றிவிட்டார்கள். நெக்-த்ரூ செய்வது அவ்வளவு வேலை பிடித்த விஷயம்.

1976-ல் யமஹாவின் எஸ்ஜி2000 வந்தது. கார்லோஸ் சந்தானா வாசித்ததால் அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 1980-களில் ஹெவி மெட்டல் அலை அடித்தபோது, 1984-ல் வந்த ஜாக்சன் சோலோயிஸ்ட் போன்ற மாடல்கள் நெக்-த்ரூவை வேகமாக வாசிப்பவர்களின் அடையாளமாகவே ஆக்கிவிட்டன.

சவுண்டு நிஜமாவே மாறுமா?

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்அப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுக் கம்பி காந்தத்தின் மேலே அதிரும்போது சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரம்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. வீணையிலோ சாதாரண அக்கவுஸ்டிக் கிட்டாரிலோ மரம் தானே அதிர்ந்து காற்றை அசைத்து ஒலி தருகிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு அந்த வேலை இல்லை.

அப்போ மரத்துக்கு என்னதான் வேலை? கம்பியின் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் வடிந்துபோகிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு. கம்பியைப் பிடித்திருக்கும் சட்டம் விறைப்பாக இருந்தால் அதிர்வின் சக்தி கம்பியிலேயே தங்கும். சட்டம் தளர்வாக இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை உறிஞ்சிவிடும். "மூட்டே இல்லாத ஒரே கட்டை விறைப்பாக இருக்கும், அதனால் நோட்டு நீண்ட நேரம் நிற்கும்" என்பதுதான் நெக்-த்ரூ ஆதரவாளர்களின் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது.

ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. அமெரிக்காவில் கிட்டார் செய்யும் ஆர்.எம். மொட்டோலா மூன்று வகை இணைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2007-ல் 'அமெரிக்கன் லூத்தரி' இதழில் எழுதினார். அவருடைய சோதனையில் போல்ட்-ஆன் பின்தங்கவில்லை. சொல்லப்போனால் அதில்தான் நோட்டு கொஞ்சம் கூடுதலாக நின்றது. நாஷ்வில்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜிம் லில் இன்னும் ஒரு படி மேலே போனார். கிட்டாரே இல்லாமல், தனித்தனியாக நிற்கும் இரண்டு மேஜைகளுக்கு நடுவில் கம்பியை இழுத்துக் கட்டி, பிக்அப்பை அதே உயரத்தில் வைத்து வாசித்து வீடியோ போட்டார். கழுத்தும் இல்லை, உடம்பும் இல்லை. நல்ல கிட்டார் ஒன்றின் ஒலிக்கு வெகு அருகில் வந்தது அந்தச் சத்தம். யூடியூபில் தேடிக் கேட்டுப் பாருங்க, சண்டை போடுவதற்கு முன்னால்.

அதனால் மரம் ஒன்றுமே செய்வதில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சில கிட்டார்களில் ஒரு குறிப்பிட்ட பிரெட்டில் அடித்த நோட்டு மட்டும் 'டொக்' என்று சீக்கிரம் செத்துவிடும். வாசிப்பவர்கள் இதை 'டெட் ஸ்பாட்' என்பார்கள். ஜெர்மனியில் ஹெல்முட் ஃபிளைஷர் என்ற ஆய்வாளர் 1990-களின் கடைசியில் இதை அளந்து பார்த்தார். காரணம், கழுத்து. கழுத்துக்கென்று இயல்பான சில அதிர்வெண்கள் உண்டு. வாசிக்கும் நோட்டு அதோடு ஒத்துப்போனால், கம்பியின் சக்தியை அந்த இடத்தில் கழுத்து வாங்கிக்கொள்கிறது.

ஆக, மரத்தால் ஏதாவது வித்தியாசம் வருகிறது என்றால், அது பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் வருகிறது. உடம்பு மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

சரி, பணம் எதற்குப் போகிறது?

நெக்-த்ரூவின் உண்மையான லாபம் காதில் இல்லை, கையில் இருக்கிறது. போல்ட்-ஆன் கிட்டாரில் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு தடிப்பு இருக்கும். அதை 'ஹீல்' என்பார்கள். 20, 22-வது பிரெட்டுகளுக்குக் கை போகும்போது உள்ளங்கை அதில் போய் இடிக்கும். நெக்-த்ரூவில் ஸ்குரூவுக்காக மரம் விட வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே அந்த இடத்தை வழவழவென்று செதுக்கிவிடலாம். 24-வது பிரெட் வரைக்கும் கை தடையில்லாமல் போகும். தனி ஆவர்த்தனம் மாதிரி மேல் ஸ்தாயியில் சுழன்று வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். கீழ் ஃபிரெட்டுகளில் கார்டு பிடித்துப் பாட்டுக்குத் துணை வாசிப்பவருக்கு? இந்த வசதி தேவையே படாது.

விலை ஏறுவதற்குக் காரணம் வேலையும் மரமும். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கண்ணு இல்லாத, ரேகை நேராக ஓடும் மரம் வேணும். கட்டை உடம்பின் தடிமனுக்கு இருக்கணும். ஆனால் கழுத்துப் பகுதியில் அதில் பாதிக்கு மேல் செதுக்கித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். போல்ட்-ஆன் கழுத்தைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம், தனியாகப் பாலிஷ் போடலாம். இதில் முழுக் கிட்டாரையும் தூக்கித் தூக்கித்தான் ஒவ்வொரு வேலையும் நடக்கணும். கடைசி நாளில் பிரெட் போடும்போது ஒரு தப்பு நடந்தால், வீணாவது கழுத்து மட்டும் இல்லை, கிட்டாரே.

அதே காரணத்தால்தான் வாங்குபவருக்கும் ரிஸ்க்

சாதாரண '10' அளவுக் கம்பி ஆறையும் சுருதி சேர்த்து முறுக்கினால், கழுத்தின் மேல் விழும் மொத்த இழுவிசை சுமார் 45 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டையின் கனம், ராத்திரி பகல் என்று பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதை எதிர்த்து நிற்க, கழுத்துக்குள் 'ட்ரஸ் ராட்' என்ற எஃகுத் தண்டு இருக்கும். கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்து வில் மாதிரி முன்னோக்கி வளைந்தால், இந்தத் தண்டை முறுக்கி நேராக்கலாம்.

ஆனால் கழுத்து வில்லாக வளையாமல், ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்கிக்கொண்டால்? சாதாரண ட்ரஸ் ராடால் ஒன்றும் செய்ய முடியாது. போல்ட்-ஆன் என்றால் புதுக் கழுத்து வாங்கி மாட்டிவிடலாம். நெக்-த்ரூவில் பிங்கர்போர்டை இழைத்துச் சமன்படுத்திப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கிட்டாரே போச்சு.

கழுத்தின் சாய்வும் அப்படித்தான். போல்ட்-ஆனில் கம்பி உயரம் சரியாக வரவில்லை என்றால், மூட்டுக்குள் மெல்லிய ஒரு சில்லைச் சொருகி சாய்வை மாற்றிவிடுவார்கள். நெக்-த்ரூவில் கட்டையை அறுக்கும் அன்றே சாய்வு முடிவாகிவிடுகிறது. உயரமான பிரிட்ஜுக்கு ஒரு சாய்வு, உடம்போடு ஒட்டிய பிரிட்ஜுக்கு வேறு சாய்வு. "முதல்ல கிட்டார் வரட்டும், பிரிட்ஜ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இங்கே நடக்காது.

நடுக்கட்டைக்கு எந்த மரம்?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். கம்பி, பிரிட்ஜ், பிக்அப் எல்லாமே நடுக்கட்டையில்தான். அப்படியென்றால் நெக்-த்ரூ கிட்டாரின் உண்மையான 'உடம்பு மரம்' எது? கழுத்து மரம்தான். "எனக்கு மகோகனி பாடி வேணும்" என்று கேட்டு மேப்பிள் நடுக்கட்டையோடு வாங்கினால், கையில் இருப்பது மகோகனி இறக்கை வைத்த மேப்பிள் கிட்டார். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் நடுக்கட்டை.

அதற்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது வட அமெரிக்க ஹார்டு மேப்பிள். ஒரு கன மீட்டர் சுமார் 700 கிலோ. கடினம், விறைப்பு, உடையாது. மகோகனி அதைவிட லேசு, சுமார் 590 கிலோ. வேலை செய்ய சுகமான மரம். காய்ந்த பிறகு அதிகம் ஆடாது, வளையாது. ஆனால் மேப்பிள் அளவுக்கு உறுதி கிடையாது. வால்நட் இரண்டுக்கும் நடுவில். ஆப்பிரிக்காவின் வெங்கே கரும்பழுப்பு நிறம், 870 கிலோ, இரும்பு மாதிரி விறைப்பு. முழுக்கட்டையும் வெங்கேயில் செய்தால் தோள்பட்டை தாங்காது. அதனால் நடுவில் ஒரு பட்டையாக மட்டும் வைப்பார்கள்.

பட்டையாக வைப்பது என்றால்? நல்ல நெக்-த்ரூ கிட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்தால் நீளவாக்கில் மூன்று, ஐந்து, ஏழு கோடுகள் தெரியும். வெவ்வேறு மரப் பட்டைகளைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீங்க. நம்ம ஊர் ஆசாரிகளுக்கே தெரியும், மரம் காய்ந்தாலும் ஈரம் குடித்தாலும் தன் ரேகை சொல்லும் பக்கம்தான் வளையும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகுவது இதனால்தான். இரண்டு பட்டைகளை ரேகை எதிர் எதிராக இருக்கும்படி ஒட்டினால், ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும்போது இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும். கட்டை நேராக நிற்கும். "ஒட்டுப் போட்ட மரமா?" என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. முறையாக ஒட்டிய மூட்டு, பக்கத்தில் இருக்கும் மரத்தைவிட உறுதியானது. என்னைக் கேட்டால், கழுத்து விஷயத்தில் ஒரே துண்டு மேப்பிளைவிட ஐந்து பட்டை ஒட்டிய கட்டையையே நம்பலாம்.

ஒரே துண்டுதான் வேணும் என்று அடம்பிடிப்பவர்கள், அது எப்படி அறுக்கப்பட்டது என்று கேட்கணும். வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததை 'குவார்ட்டர் சான்' என்பார்கள். இப்படி அறுத்தால் ஒரு மரத்தில் கிடைக்கும் பலகை குறைவு, சேதாரம் அதிகம், விலையும் அதிகம். ஆனால் கோணுவது குறையும். சிலர் ட்ரஸ் ராடுக்கு இரண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் கம்பிகளையும் பதித்துவிடுவார்கள். ஏழு, எட்டுக் கம்பி கிட்டாருக்கும் ஐந்து கம்பி பேஸுக்கும் இது நல்ல முதலீடு.

'ரோஸ்டட் மேப்பிள்' என்று ஒன்றும் இப்போது பிரபலம். ஆக்சிஜன் குறைந்த அடுப்பில் மேப்பிளை அதிக வெப்பத்தில் வாட்டி எடுப்பது. மரத்துக்குள் ஈரம் குடிக்கும் தன்மை குறைந்து, கேரமல் நிறம் வரும். பருவத்துக்குப் பருவம் அசைவது குறையும். கொஞ்சம் நொறுங்கும் தன்மை வந்துவிடுவதால், ஸ்குரூவுக்கு ஓட்டை போடும்போது கவனம் வேணும்.

ஹெட்ஸ்டாக் இருக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்க. கிப்சன் பாணியில் தலை பின்பக்கம் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும். ஒரே கட்டையில் இந்தச் சாய்வை வெட்டினால், கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் நார் குறுக்கே அறுபட்டுவிடும். கிட்டார் ஸ்டாண்டில் இருந்து சாய்ந்து விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். அதைத் தவிர்க்க, தலையைத் தனியாக வெட்டிச் சாய்வாக ஒட்டுவார்கள். அல்லது பின்னால் சின்னதாக ஒரு மேடு விட்டுச் செதுக்குவார்கள்.

இறக்கைக்கு?

இதில் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இறக்கை மரம் தீர்மானிப்பது இரண்டை: கனம், அழகு. ஆல்டர் கன மீட்டருக்கு 450 கிலோவை ஒட்டி இருக்கும். 1956 வாக்கில் ஃபெண்டர் ஆஷ் மரத்தில் இருந்து பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. பாஸ்வுட் இன்னும் லேசு, ஆனால் மென்மையானது, நகம் பட்டாலே பள்ளம் விழும். லேசாகவும் ரேகை அழகாகவும் இருக்கும் ஸ்வாம்ப் ஆஷுக்கு இப்போது தட்டுப்பாடு. மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் நீண்ட நாள் நிற்கும் வெள்ளமும், 2002-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட 'எமரால்டு ஆஷ் போரர்' என்ற பச்சை வண்டும் அந்த மரத்தைப் பாடாய்ப் படுத்துகின்றன. பல மாடல்களில் ஆஷ் பயன்படுத்துவதைக் குறைக்கப் போவதாக 2020-ல் ஃபெண்டரே அறிவித்துவிட்டது.

மேப்பிள் நடுக்கட்டை ஏற்கெனவே கனம். அதனால் இறக்கைக்கு லேசான மரம் கேட்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோளில் மாட்டி நிற்கப் போவது நீங்கதானே. ரொம்பவும் லேசாகப் போனாலும் தொல்லை. கையை எடுத்தால் தலைப்பக்கம் தானாகக் கீழே தொங்கும்.

பிங்கர்போர்டு... இங்கேதான் நம்ம ஊர் மரம் வருது

விரல் பதியும் அந்தப் பலகைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் மரங்களில் முக்கியமானது இந்திய ரோஸ்வுட். நம்ம ஊரில் ஈட்டி, தோதகத்தி. நீலகிரி, கூடலூர் என மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே மரம்தான். இதைப் பாதுகாக்க 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இந்த மரத்தை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2011 ஆகஸ்டில் நாஷ்வில், மெம்பிஸ் நகரங்களில் உள்ள கிப்சன் தொழிற்சாலைகளில் அமெரிக்க அதிகாரிகள் சோதனை நடத்தி, இந்தியாவில் இருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைப் பறிமுதல் செய்தார்கள். வெளிநாட்டுச் சட்டத்தை மீறி வெட்டிய, ஏற்றுமதி செய்த மரத்தை வாங்கினால் அமெரிக்காவில் குற்றம் என்று 'லேசி' சட்டம் சொல்கிறது. அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை. ஆனால் கிட்டாருக்காகச் சீவிய பிங்கர்போர்டு 'அறுத்த மர'மா, 'செய்து முடித்த பொரு'ளா? சண்டையே அதில்தான். செய்து முடித்த பொருள்தான் என்று இந்திய ஏற்றுமதித் துறை விளக்கம் கொடுத்தது. 2012-ல் சமரசம் ஏற்பட்டது. 2009-ல் நடந்த முந்தைய சோதனையில் சிக்கிய மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்துக்காக கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இந்திய மரம் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது.

அடுத்த அதிர்ச்சி 2017 ஜனவரி 2. ரோஸ்வுட் குடும்பத்தைச் சேர்ந்த 'டால்பெர்ஜியா' இன மரங்கள் அனைத்தும் அழிவு அபாய உயிரினங்களுக்கான 'சைட்டீஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. ஒரு கிட்டாரை வெளிநாட்டுக்கு விற்கக்கூட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. பல கம்பெனிகள் பா ஃபெரோ போன்ற மாற்று மரங்களுக்கு ஓடின. 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. அதனால் இந்திய ஈட்டிப் பலகை வைத்த கிட்டாரோடு விமானம் ஏறுவதில் இப்போது பெரிய சிக்கல் இல்லை.

பிரேசில் ரோஸ்வுட் கதை வேறு. 1992 முதலே அது கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2019 விலக்கு அதற்குப் பொருந்தாது. "பழைய ஸ்டாக் பிரேசிலியன் இருக்கு, போட்டுத் தரவா?" என்று யாராவது ஆசை காட்டினால், தாளைக் காட்டச் சொல்லுங்க. தாள் இல்லை என்றால் அந்தக் கிட்டாரை எல்லை தாண்டி எடுத்துப்போக முடியாது, விற்பதும் கஷ்டம்.

ஆர்டர் கொடுக்கும் முன்...

மரம் எவ்வளவு காய்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. கிட்டார் மரத்தில் ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. செய்பவரிடம் ஈரம் அளக்கும் மீட்டர் இருக்கும், உங்கள் கண் முன்னே குத்திக் காட்டச் சொன்னால் காட்டுவார். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். ஏசி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் மாறி மாறி எடுத்துப் போகும் கிட்டார் இன்னும் பாடுபடும். நடுக்கட்டையை முரட்டாக அறுத்துவிட்டு, சில வாரம் சும்மா போட்டு, கோணுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இழைக்கும் பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

பட்டைகள் எத்தனை, ரேகை எப்படி, ட்ரஸ் ராடு எந்த வகை, எந்தப் பக்கம் திருகுவது, பிரிட்ஜ் என்ன மாடல், முறுக்கிக்கொண்டால் யார் பொறுப்பு, எத்தனை வருஷத்துக்கு? எல்லாவற்றையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்க. இதற்கு முன் நெக்-த்ரூ செய்திருக்கிறாரா என்று கேட்டு, நாலைந்து வருஷத்துக்கு முன் அவர் செய்து கொடுத்த ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்க. புதுக் கிட்டார் எல்லாமே நேராகத்தான் இருக்கும். வாலில் இருந்து தலை நோக்கி, துப்பாக்கிக் குறி பார்ப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிங்கர்போர்டின் இரண்டு ஓரமும் ஒரே கோட்டில் போகணும். ஒரு ஓரம் தூக்கி, மறு ஓரம் இறங்கினால் முறுக்கு விழுந்திருக்கு என்று அர்த்தம்.

பில் போடும்போது 'ரோஸ்வுட்' என்று பொதுவாக எழுதாமல், எந்த நாட்டு மரம் என்பதையும் அதன் தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்திய ஈட்டி என்றால் 'டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா', பிரேசில் என்றால் 'டால்பெர்ஜியா நைக்ரா'. சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.